பில்லைப் படிக்கத் தெரிந்தவருக்கு வேலை உண்டு

“தம்பி, மாடியில சோலார் போட்டா கரண்ட் பில்லே வராதாமே?”

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டு வயரிங் வேலைக்குப் போகிற யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கொத்தனாரிடம் கேட்பது வேறு: “ஆரோவில் பக்கம் மண் கல்லுல கட்டுறாங்களே, செலவு கம்மியா ஆவுமா?” இரண்டுக்கும் நேர்மையான பதில் ஒன்றுதான்: வீட்டைப் பொறுத்தது. எதைப் பொறுத்தது, எவ்வளவு பொறுத்தது என்று பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டுகிற ஆள்தான் எளிதில் கிடைப்பதில்லை. பேனல் விற்கிறவர் இருக்கிறார், மாட்டுகிறவர் இருக்கிறார், மேஸ்திரி இருக்கிறார். நடுவில் ஒரு நாற்காலி காலியாகக் கிடக்கிறது. ஐடிஐ எலக்ட்ரீஷியனோ டிப்ளமோ சிவிலோ முடித்தவர்கள், காகுப்பத்திலும் மேல்பாக்கத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளில் பொறியியல் முடித்துவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறலாமா என்று யோசிப்பவர்கள், அந்த நாற்காலியில் உட்காருவது எப்படி என்று பார்க்கலாம்.

முதல் பாடம் மின்கட்டணம்

தமிழ்நாட்டு வீட்டு மின்கட்டணம் தட்டுத் தட்டாக ஏறும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கு. முதல் 100 யூனிட் 2016 மே மாதத்திலிருந்து எல்லா வீடுகளுக்கும் இலவசம். மொத்தம் 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை இன்னொரு சலுகை உண்டு. 500-ஐத் தாண்டிய அடுத்த யூனிட்டிலேயே அந்தச் சலுகை பறிபோகும். 501-க்கு மேல் யூனிட் 8 ரூபாயைத் தாண்டி, 1,000-க்கு மேல் 11 ரூபாயையும் தாண்டும். 500 யூனிட் ஓட்டியவர் 510 ஓட்டினால், அந்தப் பத்து யூனிட்டுக்காக பில் 300 ரூபாய்க்கு மேல் எகிறுகிறது. வாடிக்கையாளர்களில் பலர் இதைக் கவனித்ததே இல்லை. நீங்கள் போன உடனே கேட்க வேண்டியது கடந்த ஒரு வருடத்தின் ஆறு பில்கள். மாடியைப் பார்ப்பது அதற்குப் பிறகு.

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட், பில் ஏறக்குறைய 700 ரூபாய். இரண்டாவது வீட்டில் ஏசி இருக்கிறது; 700 யூனிட், பில் 3,800 ரூபாய்க்குக் குறையாது. இருவரும் 2 கிலோவாட் சோலார் கேட்கிறார்கள். நம் பக்கத்து வெயிலில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரி 4 யூனிட் தரும் என்று எடுத்தால், இரண்டு மாதத்தில் 480 யூனிட். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய ‘பி.எம். சூர்யா கர்’ திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு மானியம் 60,000 ரூபாய். ஒரு கிலோவாட்டுக்கு 30,000. 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000, அதுவே உச்சவரம்பு. மானியம் போகக் கையிலிருந்து 80,000 செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வீட்டுக்காரர் வருடத்துக்கு மிச்சம் பிடிப்பது 4,200 ரூபாய். போட்ட பணம் திரும்ப 19 வருடம். இரண்டாவது வீட்டில் கணக்குக்கு வரும் யூனிட் 220-ஆக இறங்கி, பில் முந்நூற்றுச் சொச்சம் ஆகிவிடும். இதர கட்டணங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் வருட மிச்சம் 21,000. நான்கு வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். அதே பேனல், அதே வெயில், அதே தெரு. முதல் வீட்டுக்காரரிடம் “இப்போதைக்கு வேண்டாம் அண்ணே” என்று சொல்லும் தைரியம்தான் இந்தத் தொழிலின் முதலீடு. அவர் அடுத்த வருடம் ஏசி வாங்கும்போது உங்களைத்தான் கூப்பிடுவார். தன் மச்சானையும் அனுப்புவார்.

இன்னொரு வகை வீடு உண்டு: 600 யூனிட். இங்கே சோலாருக்கு முன்னால் மின்விசிறியைப் பாருங்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும்; பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டைச் சுற்றித்தான். தினம் 12 மணி நேரம் ஓடும் நான்கு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 130 யூனிட் குறையும். 600 என்பது 470 ஆகும். 500 என்ற கோட்டுக்குள் வீடு வந்துவிடும். பில்லில் ஆயிரத்துக்கு மேல் மிச்சம். செலவு நான்கு ஃபேனின் விலை, இரண்டு வருடத்துக்குள் கைக்கு வந்துவிடும். சோலார் ஏஜென்ட் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு ஃபேனில் கமிஷன் இல்லை.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டவர்கள்தான் அப்புறம் ஏச்சு வாங்குகிறார்கள். மானியத்தோடு வருகிற சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு, மின்வாரிய லைனில் மின்சாரம் நின்றதும் தானாக அணைந்துவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேனுக்கு உங்கள் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. உச்சிவெயிலில் மாடியில் பேனல் பளபளக்கும், கீழே ஃபேன் நிற்கும். மின்தடையிலும் ஓட வேண்டும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். செலவு வேறு உயரத்துக்குப் போகும். வீட்டில் ஏற்கெனவே பழைய இன்வெர்ட்டர் இருந்தால், இரண்டு விளக்கு இரண்டு ஃபேனுக்கு அதையே வைத்துக்கொள்ளச் சொல்வது பெரும்பாலும் போதும்.

மின்தடையை இங்கே சும்மா பேசவில்லை, இது புயல் வரும் பகுதி. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் பக்கத்துக் கடலூர்க் கரையில் ஏறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. திண்டிவனத்தை ஒட்டிய மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது, விழுப்புரத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆகவே இன்வெர்ட்டரைப் படிக்கட்டுக்கு அடியில் மாட்டாதீர்கள். வெள்ளக் கோடு எதுவரை வந்தது என்று வீட்டுக்காரரையே சுவரில் காட்டச் சொல்லி, அதற்கும் மேலே மாட்டுங்கள். பேனலுக்குக் கீழே துணி காயப்போட, வடகம் பிழிய இடம் வேண்டுமென்று ஏழெட்டு அடி உயரத்தில் ஸ்டாண்ட் கேட்பார்கள். நியாயமான ஆசைதான், மாடிச் சூடும் அதனால் குறையும். ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று பிடிக்கும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 875, மூன்றாம் பாகம். அதன்படி ஸ்டாண்டைக் கணக்கிட்டுத் தரும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் பட்டறைக்காரரின் கண் அளவை மட்டும் நம்ப வேண்டாம்.

காகித வேலை சின்னதாகத் தெரியும், அங்கேதான் நாள் போகும். மின் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருக்கும். மானியம் வரவேண்டிய வங்கிக் கணக்கு பேரன் பெயரில் இருக்கும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். 10 கிலோவாட் வரையிலான அமைப்புக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் மத்திய விதி திருத்தப்பட்டது, அந்தத் தாமதம் இல்லை. மானியம் வேண்டுமென்றால் சோலார் செல்லும் பேனலும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். மலிவான பேனலை மாட்டிவிட்டு மானியத்துக்குக் காத்திருக்க முடியாது. மரம், தண்ணீர்த் தொட்டி, பக்கத்து வீட்டு மாடி ஆகியவற்றின் நிழல் விழாத இடம் கிலோவாட்டுக்கு 100 சதுர அடி. பக்கத்து மனை காலியாக இருந்தால், அங்கே மாடி எழும்பினால் நிழல் எங்கே விழும் என்றும் பாருங்கள். மிச்ச யூனிட்டை வாரியத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற ஆசையில் பெரிய அமைப்பாகப் போடச் சொல்லாதீர்கள்.

மண் கல் யாருக்கு

வானூர் தாலுகாவில் ஆரோவில் இருப்பது இந்த மாவட்டத்துத் தொழிலாளிக்கு ஒரு அதிர்ஷ்டம். 1989-இல் தொடங்கிய ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் சிமென்ட் கலந்து அமுக்கிய மண் கல், வளைவுக் கூரை, குவிமாடம் ஆகியவற்றில் பயிற்சி தருகிறது. அவர்களுடைய ‘ஆரம் 3000’ கை அச்சு இயந்திரம் பல நாடுகளுக்குப் போகிறது. ஆரோவில் பார்வையாளர் மையம் இந்த மண் கல்லில் எழும்பியதுதான்; 1992-இல் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. பயிற்சிக்குப் போகும் முன் அந்தக் கட்டடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வேலை முறை எளிது. நல்ல கலவை என்று அவர்கள் சொல்வது சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதவீதம். அதில் 5 சதவீதம் சிமென்ட். ஈரப் பதத்தில் அமுக்கி, நான்கு வாரம் நனைத்துப் பதப்படுத்த வேண்டும். சூளை இல்லை, விறகு இல்லை.

செலவு குறையுமா? இங்கேதான் ஆசை காட்டாமல் பேச வேண்டும். வீட்டுச் செலவில் சுவர் ஒரு பங்குதான். அஸ்திவாரம், கம்பி, சென்ட்ரிங், கான்கிரீட் தளம், டைல்ஸ், கதவு ஜன்னல், பிளம்பிங் எல்லாம் அப்படியே இருக்கும். கல்லில் மிச்சம் பிடித்ததை, பழகாத கொத்தனாரின் கூடுதல் நாள் கூலி சாப்பிட்டுவிடலாம். என் பார்வையில் மண் கல் லாபமாவது மூன்று சேர்ந்தால்தான்: தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் தோண்டிய மண்ணே கலவைக்கு ஒத்துவர வேண்டும், பயிற்சி பெற்ற கொத்தனார் இருக்க வேண்டும், வெளிப்பூச்சு இல்லாமல் விட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேட்டில் இது நடக்கும். களிமண் பூமியில் மணலை லாரியில் இறக்கிக் கலக்க வேண்டியிருந்தால், செங்கல்லோ ஃப்ளை ஆஷ் கல்லோ வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம். “சுவருக்குப் பூச்சு இல்லையா? பாதியில் பணம் தீர்ந்துபோச்சா?” என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பாதி வாடிக்கையாளர்கள் அந்த இடத்திலேயே பின்வாங்குவார்கள். அது நல்லது, சுவர் எழும்பிய பின் பின்வாங்குவதைவிட.

சூடு குறைய வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், நம் ஊர் கான்கிரீட் வீட்டில் உள்ளே இறங்கும் வெப்பத்தில் பெரும்பங்கு மேலிருந்து வருகிறது. சுவரை மாற்றுவதற்கு முன் தளத்தைக் கவனியுங்கள்: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்ட பழைய வெதரிங் கோர்ஸ், இல்லாவிட்டால் வெள்ளை கூலிங் டைல்ஸ், அதற்கும் பணமில்லை என்றால் வெள்ளைப் பூச்சு. மேற்கு ஜன்னலுக்கு அகலமான சன்ஷேடு. ஏசியின் டன் அளவு இதற்குப் பிறகு முடிவாக வேண்டியது.

சொந்தமாகக் கட்டுகிறவருக்கு உதவும்போது மூன்று தகவல் கையில் இருக்கட்டும். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் முதல் தளமும் என்றால், 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே கட்டட அனுமதி கிடைக்கிறது. கட்டும் காலத்துத் தற்காலிக மின் இணைப்பில் யூனிட் விலை 12 ரூபாய்க்குக் குறையாது. வேலை முடிந்ததும் வீட்டு இணைப்புக்கு மாற்ற மறந்து மாதக்கணக்கில் கட்டுகிறவர்கள் உண்டு. மூன்றாவது, 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகவும், சோலார் கருவிகளுக்கு 12-லிருந்து 5 ஆகவும் இறங்கியது. அதற்கு முந்தைய கொட்டேஷனை யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

எங்கே தொடங்குவது

எலக்ட்ரிகல் பக்கம் வருகிறவர்களுக்குச் சான்று இல்லாமல் எதுவும் நகராது. தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் அல்லது மேற்பார்வையாளர் தகுதிச் சான்று முதல் படி. ஒப்பந்ததாரர் உரிமம் அப்புறம். சோலாருக்கென்று தேசிய சூரிய ஆற்றல் நிறுவனத்தின் ‘சூர்யமித்ரா’ பயிற்சி 2015-இல் தொடங்கியது. ஐடிஐ, டிப்ளமோக்காரர்களுக்கானது, அறிவிப்பு வரும்போது விடாதீர்கள். ஆரம்பத்திலேயே சொந்த நிறுவனம் வேண்டாம். சூர்யா கர் தளத்தில் பதிந்த ஒரு நிறுவனத்தின் கீழ் ஒரு மழைக்காலமாவது மாடி ஏறுங்கள். பிறகு கடன் வேண்டுமானால் மாவட்டத் தொழில் மையத்தில் ‘நீட்ஸ்’ திட்டத்தைக் கேளுங்கள். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீத மானியம் உண்டு.

கூலியை எப்படி வாங்குவது என்பதில் மட்டும் ஆரம்பத்திலேயே உறுதியாக இருங்கள். வீட்டைப் பார்த்துக் கணக்கு எழுதித் தருவதற்கு ஒரு நிலையான கட்டணம். அதைக் கொட்டேஷனுக்கு முன்பே வாங்குங்கள். “பார்க்கறதுக்கே காசா தம்பி?” என்று முகம் சுளிப்பார்கள். ஒரு பக்கக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், முகம் மாறும். பேனல் கம்பெனியிடம் கமிஷன் வாங்குவதாக இருந்தால் வீட்டுக்காரரிடம் தொகையைச் சொல்லிவிட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் மறைத்து வாங்கினால் திண்டிவனம் அளவுள்ள ஊரில் அது தெரிய ஒரு கல்யாணப் பந்தி போதும்.

நிலையான வருமானம் பராமரிப்பில்தான் இருக்கிறது. மானிய அமைப்புகளுக்கு மாட்டிய நிறுவனமே ஐந்து வருடம் பராமரிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆள் இல்லை, வெளியூர் நிறுவனங்கள் அவ்வளவு தூரம் வருவதுமில்லை. கோடையில் தூசி கழுவ ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் கிளாம்ப், போல்ட், எர்த்திங் சரிபார்க்க ஒரு முறை என்று வருட ஒப்பந்தம் போடுங்கள். வெள்ளத்துக்குப் பின் இன்வெர்ட்டரைத் திறந்து பார்க்கும் கட்டணத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள். புயல் முடிந்த மறுநாள் பேரம் பேச யாருக்கும் மனம் வராது.