உண்ண மறுக்கும் இளமை

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (வேதியியல்)

முன்னுரை

பசி என்றதும் சோறு இல்லாமையே நம் நினைவுக்கு வருகிறது. அதில் வியப்பில்லை. பஞ்சம் பல கண்ட நாடு நம்முடையது. 1956இல் காமராசர் விரிவாக்கிய பகல் உணவுத் திட்டமும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும், 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் சோறில்லாப் பசியைப் போக்க எழுந்தவையே. ஆனால் சோறு இருந்தும், தட்டு முன்னால் இருந்தும், உண்ண முடியாமல் தவிக்கும் பிள்ளைகளும் நம்மிடையே உள்ளனர். இதைச் சிலர் வீம்பு என்பர். சிலர் காற்று சேட்டை என்பர். படித்தவர்களோ பணக்கார வீட்டு நோய் என்று ஒதுக்கிவிடுவர். இம்மூன்றும் பொருந்தா. இஃது ஒரு நோய். நெசவாளர் வீட்டுக்கும் வரும். ஒரு மருத்துவரால் மட்டும் தீராதது. பலர் சேர்ந்தால் தீரக் கூடியது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நோயின் வகைகள்

1873ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தில் வில்லியம் கல் என்பாரும் பிரான்சில் லசேக் என்பாரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இந்நோயை விளக்கி எழுதினர். அனோரெக்சியா நெர்வோசா என்னும் பெயர் கல் இட்டது. பசியின்மை என்பது அப்பெயரின் பொருள். ஆனால் நோயாளிக்குப் பசி உண்டு. உண்ணத்தான் மனம் அஞ்சுகிறது. 1979இல் இலண்டனில் ஜெரால்டு ரசல் என்பார் புலிமியா என்னும் மற்றொரு வகையை எடுத்துக் காட்டினார். அளவின்றி உண்பதும், பின் அதை வெளியேற்ற முயல்வதும் அதன் இயல்பு. உடல் பருமனைப் பற்றிய கவலை சிறிதும் இன்றி உணவைத் தவிர்க்கும் பிள்ளைகளும் உள்ளனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியல் (2022 முதல் நடைமுறையில் உள்ளது) இதனையும் தனி நோயாக ஏற்றுள்ளது.

மேனாட்டு நூல்களில் காணும் நோயாளி கண்ணாடி முன் நின்று, "நான் பருத்துவிட்டேன்" என்று வருந்துபவள். நம்மூர்ப் பிள்ளைகள் அப்படிச் சொல்வது குறைவு. "வயிறு உப்புசம்", "நெஞ்சில் அடைக்கிறது", "சாப்பிட்டால் குமட்டுகிறது" என்பர். ஹாங்காங்கில் சிங் லீ என்னும் மனநல மருத்துவர் 1993இல் வெளியிட்ட ஆய்விலும், அனோரெக்சியா நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் பருமனைப் பற்றி அஞ்சவில்லை என்பது தெரிந்தது. ஆகவே புத்தகத்தில் உள்ள அடையாளத்தை மட்டும் தேடுவோர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காணத் தவறுவர்.

வேலூர் காட்டும் உண்மை

நம் ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் வழியாக வேலூர் செல்லும் சாலையில் பாகாயம் உள்ளது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் அங்குதான் இருக்கிறது. 2000 முதல் 2005 வரை அக்கல்லூரியின் சிறுவர், வளரிளம் பருவ மனநலப் பிரிவுக்கு வந்தோரின் பதிவேடுகளை அங்குள்ள மருத்துவர்கள் ஆராய்ந்து, 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். வந்தோரில் 41 பேருக்கு, அதாவது நூற்றுக்கு 1.25 பேருக்கு, உண்ணுதல் தொடர்பான நோய் இருந்தது. அவர்களுள் பெரும்பாலோருக்கு இருந்தது மனம் சார்ந்த வாந்தி. உடலில் வேறு நோய் இல்லாமலே, மனத்தின் சுமையால் உண்டது நிலைக்காமல் போவது அது. எண்ணிக்கை சிறிதாகத் தோன்றலாம். மருத்துவமனை வாசலை மிதித்தவர்களின் கணக்கு மட்டுமே இது என்பதை நாம் மறக்கலாகாது.

பட்டினி செய்யும் மாற்றங்கள்

1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பார், நல்ல உடல் நலமுள்ள 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரை வயிற்று உணவு தந்து ஆராய்ந்தார். போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று அறியவே அச்சோதனை. மனநோய் ஏதுமில்லாத அவ்விளைஞர்கள் நாளடைவில் சிடுசிடுத்தனர், தனிமையை நாடினர், எந்நேரமும் உணவையே நினைத்தனர். உடல் மெலிந்தால் மனமும் மாறும் என்பது இதனால் புலனாகிறது. மெலிந்த பிள்ளையிடம், "உனக்கு என்ன குறை?" என்று சினந்து கேட்பதால் பயனில்லை. பிள்ளையின் நாவைக் கொண்டு பேசுவதில் பாதி பட்டினியே.

எனவே உணவே முதல் மருந்து. ஆயினும் அம்மருந்துக்கும் அளவு உண்டு. இங்கேதான் நாம் வகுப்பில் படிக்கும் வேதியியல் உதவுகிறது. நெடுநாள் பட்டினிக்குப் பின் திடீரென மாவுச்சத்து மிகுந்த உணவு தந்தால் இன்சுலின் பெருகுகிறது. குருதியிலுள்ள பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை குளுக்கோசுடன் செல்களுக்குள் விரைகின்றன. குருதியில் பாஸ்பேட் அளவு வீழ்ந்தால் இதயமும் மூச்சும் தளரும். தயமின் என்னும் உயிர்ச்சத்தும் தட்டுப்படும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுதலையான கைதிகள் சிலர் வயிறார உண்ட பின் மாண்டது இவ்வாறுதான். அடிக்கடி வாந்தி எடுப்போருக்கோ பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும். ஆகவே மிகவும் மெலிந்த பிள்ளைக்கு எதை, எவ்வளவு, எத்தனை நாளில் கூட்டித் தருவது என்பதை மருத்துவரும் உணவியல் வல்லுநரும் குருதிச் சோதனையின் துணைகொண்டு முடிவு செய்ய வேண்டும்.

பலர் கூடிச் செய்யும் வைத்தியம்

இந்நோய்க்கு உரிய குழுவில் யார் யார் வேண்டும்?

1. இதயம், குருதி, வளர்ச்சி, மாதவிலக்கு ஆகியவற்றைக் கவனிக்கும் மருத்துவர்.
2. மனச்சோர்வு, அச்சம் முதலிய பிற நோய்கள் உள்ளனவா எனக் கண்டறியும் மனநல மருத்துவர்.
3. பிள்ளையின் அச்சத்தைப் பேசிப் பேசித் தணிக்கும் உளவியல் அறிஞர்.
4. வீட்டில் கிடைக்கும் கேழ்வரகு, பருப்பு, முட்டை இவற்றைக் கொண்டே உணவு வகுக்கும் உணவியல் வல்லுநர்.
5. சாப்பிடும்போதும் சாப்பிட்ட பின்னும் உடனிருக்கும் செவிலியர்.
6. வீடு, பள்ளி, மருத்துவமனை மூன்றையும் இணைக்கும் சமூகப் பணியாளர்.

இவர்களுடன் குடும்பமும் சேர வேண்டும். உறவினரே இந்நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தகாதவர் என்று கல் கருதினார். அக்கருத்து ஒரு நூற்றாண்டுக் காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. 1987இல் இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு வழி காட்டியது. இளம் வயதில் நோயுற்று, மூன்றாண்டு ஆகாதவர்களுக்குக் குடும்பத்தோடு சேர்த்துச் செய்த சிகிச்சையே மிகுந்த பயன் தந்தது. பாகாயத்திலோ 1950களிலிருந்தே நோயாளியுடன் உறவினர் ஒருவர் தங்கும் வழக்கம் உண்டு. குடும்பம் நோய்க்குக் காரணம் அன்று. குணமாவதற்குத் துணை என்பதை நம் பக்கத்து ஊர் முன்பே அறிந்திருந்தது.

தறி வீட்டின் இடையூறு

கொள்கை இனிது, நடைமுறையே கடினம். எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படித்த பெண் ஒருத்தி உண்டதை நிறுத்தி வைக்க முடியாமல் மெலிந்தாள். குடல் ஏற்றம் என்று வயிற்றைத் தட்டினர். மந்திரித்துக் கயிறு கட்டினர். பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினர். காலைப் பிரார்த்தனையில் அவள் மயங்கி விழுந்த பிறகே, ஆசிரியை ஒருவரின் வற்புறுத்தலால் பெரிய மருத்துவமனைக்குச் சென்றனர். வாரந்தோறும் வரும்படி சொன்னார்கள். இரண்டு முறை சென்றார்கள். மூன்றாம் முறை செல்லவில்லை.

என் பெற்றோரும் கூலிக்கு நெய்பவர்களே. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் அவர்கள் செல்லாததன் காரணம் எனக்குப் புரிந்தது. பாவுக்கு முன்பணம் வாங்கியாயிற்று. புடவை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. தாய் தறிக்குழியை விட்டு எழுந்தால் அன்றைக்கு வருமானம் இல்லை. தார் சுற்றித் தரும் மகளும் படுத்துவிட்டாள். "இன்னும் எத்தினி நாளைக்கிம்மா தறிய நிறுத்தறது?" என்று அந்தத் தாய் என் அம்மாவிடம் கேட்டார். மருந்துச் சீட்டில் இக்கேள்விக்கு விடை இல்லை.

விடை தந்தவர் அந்த மருத்துவமனையின் சமூகப் பணியாளர். வராததற்காக அவர் கடிந்துகொள்ளவில்லை. தொலைபேசியில் அழைத்துக் காரணம் கேட்டார். புடவை கொடுத்துக் கூலி வாங்கும் நாளை ஒட்டி மருத்துவமனை நாளை மாற்றினார். முதலாளியிடம் பேசிப் பாவு முடிக்கத் தவணை பெற்றார். மதியச் சாப்பாட்டின்போது பெரியம்மா உடன் அமர்வது என்று முறை வகுத்தார். தேர்வுப் பயமே அவளுடைய பெரும் சுமை என்று உளவியல் அறிஞர் கண்டதை, பெற்றோரின் அனுமதியுடன் வகுப்பாசிரியைக்கு எடுத்துச் சொன்னார். பல மாதங்கள் ஆயின. அவள் மீண்டும் பள்ளிக்குச் செல்கிறாள். நோய் திரும்பக்கூடும் என்று எச்சரித்துள்ளதால் இன்றும் மாதம் ஒருமுறை போய் வருகிறார்கள். மருந்தும் அறிவும் முன்பும் இருந்தன. அவை அந்த வீட்டுப் படியேறி வர ஓர் ஆள் தேவைப்பட்டார், அவ்வளவே.

முடிவுரை

1996இல் மத்திய அரசு தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் மனநல மருத்துவருடன் உளவியல் அறிஞரும் சமூகப் பணியாளரும் இடம்பெறுகின்றனர். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். வழி இருக்கிறது, வழியில் சேர்ப்பவர்களே குறைவு.

சத்துணவுக் கூடத்தில் எந்தப் பிள்ளை தட்டை அப்படியே கழுவி வைக்கிறது என்பது சத்துணவு அமைப்பாளருக்குத் தெரியும். எந்தப் பிள்ளை சாப்பிட்டதும் தனியே ஒதுங்குகிறது என்பது தோழிகளுக்குத் தெரியும். இவர்கள் கண்டதை யாரிடம் சொல்வது என்பதே இன்று தெளிவாக இல்லை. நம் கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் அடுத்த சிறப்பு முகாமில் ஒரு நாளை இதற்கென ஒதுக்க வேண்டும். முகாம் நடக்கும் ஊரின் ஆசிரியர்கள், சத்துணவு அமைப்பாளர்கள், கிராமச் சுகாதாரச் செவிலியர் ஆகியோரை மாவட்ட மனநலக் குழுவினருடன் ஓரிடத்தில் அமர்த்திப் பேசச் செய்யலாம். செலவு ஒரு வேளைத் தேநீர்தான். பேராசிரியர்கள் இதனை ஆவன செய்வார்களாயின், துண்டறிக்கை எழுதவும் தெருத்தெருவாகக் கொண்டு சேர்க்கவும் நான் முன்வருகிறேன். தறி ஓசை கேட்கும் தெருக்கள் அனைத்தும் எனக்கு வழி தெரிந்தவையே.