படகு மோட்டாருக்குப் புது புரொப்பெல்லரா? வாங்கும் முன் 10 குறிப்புகள்

ஃபைபர் படகில் அவுட்போர்டு மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு புரொப்பெல்லர் மாற்றும் செலவு அடிக்கடி வரும். பாறையில் இடிக்கும், மணல் திட்டில் தேயும், வலை சிக்கி வளையும். ‘பெரிதாகப் போட்டால் வேகம் கூடும்’ என்று நம்பி வாங்கினால் மோட்டாரின் ஆயுள்தான் குறையும். எஞ்சின் சரியான சுற்றில் ஓட வேண்டும். அதற்குத் தோதானதே நல்ல புரொப்பெல்லர்.

1. எஞ்சின் இரைகிறது, படகு நகரவில்லை என்றால் நடுவிலுள்ள ரப்பர் புஷ் நழுவியிருக்கலாம். உள் குழாயிலிருந்து வெளி உருளை வரை பெயின்ட்டால் நேர்கோடு ஒன்று போடுங்கள். சற்று நேரம் படகை ஓட்டிவிட்டுப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் பழுது புஷ்ஷில்தான். சில வகைகளில் புஷ்ஷை மட்டும் மாற்றினாலே போதும்.

2. பழைய புரொப்பெல்லரில் பொறித்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 9¼ x 9¾ என்றிருந்தால் முதல் எண் விட்டம், இரண்டாவது எண் பிட்ச். இரண்டும் அங்குலக் கணக்கு. மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு முழுச் சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேற வேண்டும் என்பதே பிட்ச். தண்ணீர் வழுக்குவதால் உண்மையில் நகரும் தூரம் இதைவிடக் குறைவு.

3. முழு வேகத்தில் எஞ்சின் எத்தனை ஆர்.பி.எம். சுற்ற வேண்டும் என்பது மோட்டார் கையேட்டில் இருக்கும். பல மோட்டார்களுக்கு இது 5,000 முதல் 6,000 வரை. சிலவற்றுக்கு 4,500 முதல் 5,500 வரை. மோட்டாரில் மீட்டர் இல்லையென்றால், ஸ்பார்க் பிளக் வயரில் சுற்றிப் பார்க்கும் சிறிய மீட்டர் கிடைக்கும்.

4. பிட்ச்சை 1 அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 சுற்று கூடும். கூட்டினால் அதே அளவு குறையும். 5,000 முதல் 6,000 வரை ஓட வேண்டிய எஞ்சின் 4,900-லேயே நிற்கிறதா? 2 அங்குலம் குறைந்த பிட்ச் போட்டால் 5,200, 5,300-க்கு வரும். சுற்று ஏறாமல் திணறும் எஞ்சின் சூடேறும், கரி பிடிக்கும், பிஸ்டன் கெடும். அளவை மீறிச் சுற்றினாலும் ஆபத்துதான்.

5. வெறும் படகில் சோதித்துப் பயனில்லை. வலை, ஐஸ் பெட்டி, எரிபொருள் கேன், ஆட்கள் என்று வழக்கமான பாரத்தோடு ஓட்டிப் பாருங்கள். பாரம் இழுக்கும் படகுக்குப் பிட்ச் குறைவாகவும், இலகுவாக ஓடும் படகுக்குச் சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம்.

6. பொது உபயோகத்துக்கு மூன்று இறக்கை போதும். நான்கு இறக்கை தண்ணீரை நன்றாகப் பிடிக்கும். பாரத்தோடு கிளம்ப உதவும், அதிர்வும் குறையும். உச்ச வேகம் சற்றுக் குறையலாம். அதற்கு மாறினால் பெரும்பாலும் பிட்ச்சை 1 அங்குலம் குறைக்க வேண்டிவரும்.

7. பாறையும் பவளத்திட்டும் உள்ள கடலில் அலுமினியம் நல்லது. இடித்தால் இறக்கை வளையும். கியருக்குப் போகும் அதிர்ச்சி குறையும். விலையும் குறைவு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மணலில் எளிதில் தேயாது, ஆனால் பலமாக இடித்தால் அதிர்ச்சி உள்ளே போய்விடும்.

8. குதிரைத்திறன் ஒன்றாக இருந்தாலும் ஒரு கம்பெனியின் புரொப்பெல்லர் இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. தண்டு நுழையும் துளையில் உள்ள பற்களை எண்ணுங்கள். பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவது இன்னும் நல்லது.

9. திருப்பத்திலோ அலையிலோ திடீரென சுற்று ஏறி, தள்ளும் வேகம் விழுந்தால் புரொப்பெல்லர் காற்றை இழுக்கிறது என்று பொருள். புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தட்டையான தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, 1 அங்குலம் வரை கீழாகவோ இருக்கட்டும். வேகம் குறைகிறது என்றால், படகின் அடியில் ஒட்டிய பாசியையும் சிப்பியையும் சுரண்டிய பிறகே புதியதை வாங்க யோசியுங்கள்.

10. கழற்றும் முன் ஸ்பார்க் பிளக் வயரை எடுத்துவிடுங்கள். இறக்கைக்கும் தகட்டுக்கும் நடுவே மரக்கட்டை வைத்து நட்டைத் திருப்புங்கள். தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் அறுத்தெடுங்கள். அது ஆயில் சீலை வெட்டிவிடும், தண்ணீர் புகுந்து கியர் ஆயில் பால்போல் வெளுக்கும். வாஷர்களை அதே வரிசையில் போட்டு, தண்டில் கிரீஸ் தடவி, புது காட்டர் பின் மாட்டுங்கள். ஷியர் பின் உள்ள சிறிய மோட்டாரில் அது உடைந்தால் அதற்குப் பதிலாக ஆணியையோ கம்பியையோ செருகாதீர்கள். அடுத்த இடியில் கியரே உடையலாம். வளையாத பழைய புரொப்பெல்லர், நட்டு, பின், ஸ்பானர் நான்கையும் ஒரே பையில் போட்டு எப்போதும் படகிலேயே வைத்திருங்கள்.