ஊசுடு பக்கத்தில் இருக்க ஊர் சுற்றுவானேன்?

கேள்வி: வேலை மாற்றலாகி வில்லியனூருக்குக் குடிவந்திருக்கிறேன். பழக்கமானவர்கள் யாரும் இல்லை. துணைக்குக் கேமரா மட்டும்தான். இந்தக் குளிர்காலத்தில் எங்கே படம் எடுக்கலாம்?

பதில்: கொடுத்துவைத்தவர் ஐயா நீங்கள்! ஊசுடு ஏரி கூப்பிடு தூரம். புதுச்சேரி அரசு அதை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஏரியின் ஒரு பகுதி தமிழ்நாட்டுக்குச் சொந்தம். மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் வலசைப் பறவைகளைப் பார்க்கலாம். ஏசி அறையிலிருந்து கேமராவை எடுத்ததும் லென்ஸ் வேர்த்துவிடும். பையைத் திறக்காமல் அரைமணி நேரம் வெளியே வையுங்கள். பறவை பறக்கவேண்டுமென்று கல்லெறிகிற கூட்டத்தோடு மட்டும் சேராதீர்கள். பறவைகள் போதுமென்றால் பாகூர் பக்கம் போங்கள்; அங்குள்ள மூலநாதர் கோயிலின் சோழர் காலச் சிற்பங்களுக்குக் காலைச் சாய்வெயில்தான் அழகு. போகிற வழியில் வயலில் நிற்பவர்களைக் கேட்டுவிட்டுப் படமெடுங்கள். ஒரு பிரதி போட்டும் கொடுங்கள். பழக்கம் தானாக வரும்.