கியருக்கும் டிஃபரென்ஷலுக்கும் ஒரே ஒயிலா?

கேள்வி: என்னுடையது பின்சக்கர மெனுவல் கார், கிளச் தகடு வைத்த எல்.எஸ்.டி. (வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷல்) உண்டு. பெரகல - வெல்லவாய வீதியில் அடிக்கடி ஓடுகிறேன். இரண்டுக்கும் ஒரே ஜி.எல்.-5 ஒயில் போடலாமா?
- வாசகர், பெரகல

பதில்: கைநூல் அப்படிச் சொன்னாலன்றி வேண்டாம். ஜி.எல்.-5இல் கந்தக-பொஸ்பரஸ் சேர்மானம் ஜி.எல்.-4இல் உள்ளதைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பல்லோடு பல் வழுக்கி அழுத்தும் டிஃபரென்ஷலுக்கு அது கவசம். கியர்பொக்ஸிலோ பித்தளை சின்க்ரோ வளையம் உரசிப் பிடித்தால்தான் கியர் சுகமாக விழும். கொஸ்லந்தைப் பக்கம் இறங்கும்போது எஞ்சின் பிடிமானத்துக்கு இரண்டாம் கியரைத்தானே நம்புகிறீர்கள்? அது 'கரக்' என்று விழ மறுத்தால் முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து சூடேறிவிடும். கியர்பொக்ஸுக்கு ஜி.எல்.-4, 75டபிள்யூ-90 பெரும்பாலும் சரி.

சுபாருவின் கதை வேறு: முன் டிஃபரென்ஷலும் கியர்பொக்ஸும் ஒரே ஒயிலில் ஓடுவதால் ஜி.எல்.-5ஐயே கேட்கும்.

உங்கள் எல்.எஸ்.டி.க்கு, அதற்கென்றே குறித்த ஜி.எல்.-5 வாங்குங்கள். சாதாரணமானதை ஊற்றினால் குறுகிய வளைவில் பின்பக்கம் அதிர்ந்து துள்ளும்.

தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் போன்ற கார் ஓட்டப் போட்டிக்குப் போனால், முடிந்ததும் இரண்டையும் மாற்றிவிடுங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் பாருங்கள்: சாம்பல் நிறப் பசை இயல்பு, நகத்தில் தட்டுப்படும் இரும்புச் சில்லு இருந்தால் காரை ஓட்டாமல் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள்.