ஃபைபருக்குள்ள லேசர் கண் சிமிட்டுதா?

பிளேஸ்மென்ட் சீசன்ல ஒரு இன்டர்வியூ. "லேசர்ல 1, 0 எப்படி அனுப்புவீங்க?"ன்னு கேட்டார். "1-னா ஆன், 0-னா ஆஃப் சார்"னு டக்குனு சொல்லிட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டே, "எத்தனை கிலோமீட்டருக்கு?"ன்னு திருப்பிக் கேட்டார். தூரத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்குப் புரியல. முழிச்சேன். வேலை கிடைக்கல.

இத்தனைக்கும் ஆப்டிகல் கம்யூனிகேஷன் பேப்பர்ல நல்ல மார்க் வாங்கினவன் நான். யூனிட் யூனிட்டா மனப்பாடம் பண்ணினேனே தவிர, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பார்க்கல. ஜூனியர்ஸ், நீங்களும் அப்படி முழிக்கக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல உங்க வீடு

மதுரையில இப்போ நிறைய தெருக்கள்ல ஃபைபர் கனெக்‌ஷன் வந்தாச்சு. வீடுகளுக்குப் பரவலா பயன்படுற முறை ஜீபான். வீட்டுக்கு வர்ற ஒளியோட அலைநீளம் 1490 நானோமீட்டர், வேகம் நொடிக்கு 2.488 கிகாபிட். வீட்டிலிருந்து போற ஒளி 1310 நானோமீட்டர், நொடிக்கு 1.244 கிகாபிட். தூரம் வழக்கமா 20 கிலோமீட்டருக்குள்ள.

இங்கே என் பதில் கிட்டத்தட்ட சரி. லேசர் டையோடுக்குப் போற கரன்ட்டைக் கூட்டிக் குறைச்சா, ஒளியும் கூடிக் குறையும். இதுக்குப் பேர் டைரக்ட் மாடுலேஷன். ஒரே ஒரு திருத்தம்: ஒவ்வொரு 0-க்கும் லேசரை முழுசா அணைக்க மாட்டாங்க. த்ரெஷோல்ட் கரன்ட்டுக்குக் கீழே இறக்கிட்டா மறுபடி லேசிங் ஆரம்பிக்க நேரம் பிடிக்கும். அதனால 0 வரும்போது மங்கலா எரிய விடுவாங்க. லைட் சுவிட்ச் மாதிரி இல்ல, ஃபேன் ரெகுலேட்டரை 5-லிருந்து 1-க்குத் திருப்புற மாதிரி.

பழநி பாதயாத்திரை

தைப்பூசத்துக்கு மதுரைப் பக்கத்திலிருந்து பழநிக்கு நடந்து போறவங்களைப் பார்த்திருப்பீங்க. ஒரு ஊர்க்காரங்க ஒரு கூட்டமா கிளம்புவாங்க. கொஞ்ச இடைவெளி விட்டு அடுத்த ஊர்க்காரங்க. புறப்படும்போது எது எந்தக் கூட்டம்னு தெளிவா தெரியும். திண்டுக்கல் தாண்டினதும் பாருங்க: வேகமா நடக்கிறவங்க முன்னாடி இருந்த கூட்டத்தோட கலந்திருப்பாங்க, மெதுவா நடக்கிறவங்க பின்னாடி வந்த கூட்டத்துல சேர்ந்திருப்பாங்க.

ஃபைபர்லயும் இதேதான். அலைநீளம் மாறினா ஒளியோட வேகமும் லேசா மாறும். இதுதான் டிஸ்பெர்ஷன். வழக்கமான சிங்கிள் மோட் ஃபைபர்ல 1550 நானோமீட்டர்கிட்ட இதோட மதிப்பு ஏறத்தாழ 17. அதாவது, 1 நானோமீட்டர் அகலமுள்ள ஒளி 1 கிலோமீட்டர் போனா 17 பிகோசெகண்ட் பரவும்.

டைரக்ட் மாடுலேஷன்ல சிக்கல் இங்கேதான் வருது. கரன்ட் மாறும்போது லேசருக்குள்ள எலக்ட்ரான் எண்ணிக்கை மாறும். அதனால ஒளிவிலகல் எண் மாறும். அதனால அலைநீளமும் ஆடும். இதுக்குப் பேர் சிர்ப். வேகம் வேறுபடுற ஆட்களை நாமே கூட்டத்துல கூடுதலா சேர்த்துவிடுற மாதிரி.

கணக்குப் போடுவோம். நொடிக்கு 10 கிகாபிட்னா, ஒரு பிட்டுக்கு 100 பிகோசெகண்ட். சிர்ப்னால அகலம் 0.3 நானோமீட்டர்னு வச்சுக்குங்க. 40 கிலோமீட்டர் போனா: 17 × 40 × 0.3 = 204 பிகோசெகண்ட். ஒரு பிட் ரெண்டு பிட் அளவுக்குப் பரவிடுச்சு! மதுரையிலிருந்து திண்டுக்கல் போறதுக்குள்ளயே 1 எது, 0 எதுன்னு தெரியாது. "எத்தனை கிலோமீட்டருக்கு?"ன்னு அவர் கேட்டது இதைத்தான்.

லேசரைத் தொடாதீங்க

தீர்வு ரொம்ப சிம்பிள். லேசர் பாட்டுக்கு ஒரே சீரா எரியட்டும். வெளியே வந்த ஒளியை மட்டும் தடுத்துத் திறப்போம். இது எக்ஸ்டெர்னல் மாடுலேஷன்.

இதுக்கு அதிகம் பயன்படுறது மாக்-ஸெண்டர் மாடுலேட்டர். ஒளியை ரெண்டு பாதையா பிரிச்சு மறுபடி சேர்ப்பாங்க. பாதைகள் லித்தியம் நியோபேட் படிகத்துல இருக்கும். வோல்டேஜ் கொடுத்தா அதோட ஒளிவிலகல் எண் மாறும். ரெண்டு அலையும் ஒண்ணா வந்து சேர்ந்தா வெளிச்சம், அது 1. ஒண்ணு அரை அலைநீளம் பின்தங்கினா, ரெண்டும் ஒண்ணையொண்ணு அழிச்சு இருட்டு, அது 0. லேசருக்கு எதுவுமே தெரியாது!

இப்போ அகலம் எவ்வளவு? 10 கிகாபிட் சிக்னலுக்கே உரிய அகலம் ஏறத்தாழ 0.08 நானோமீட்டர்தான். அதே 40 கிலோமீட்டருக்கு 17 × 40 × 0.08 = 54 பிகோசெகண்ட். அரை பிட்டுக்குச் சற்று மேல, சமாளிக்கலாம்.

கடலைத் தாண்டினா?

சென்னையிலிருந்து அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குக் கடலடி ஃபைபர் கேபிள் போகுது. மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். 2020 ஆகஸ்ட் 10-ம் தேதி திறந்தாங்க. சென்னை–போர்ட் பிளேயர் இடையே அறிவிச்ச திறன் 2 × 200 கிகாபிட். அதுக்கு முன்னாடி தீவுக்காரங்க நம்பியிருந்தது சாட்டிலைட்டை. 36,000 கிலோமீட்டர் மேலே போய் அதே தூரம் கீழே வரவே 240 மில்லிசெகண்ட். ஃபைபர்ல ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னை–போர்ட் பிளேயர் நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். அதுக்கு 7 மில்லிசெகண்ட் போதும்.

ஆனா 1550 நானோமீட்டர்லயும் ஃபைபர் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் விழுங்கும். 1,370 கிலோமீட்டருக்கு 274 டெசிபெல். 1 மில்லிவாட் லேசரை அப்படியே விட்டா, அந்தப் பக்கம் ஒரு ஃபோட்டான் வந்து சேர சராசரியா பத்தாயிரம் வருஷம் ஆகும்! (கணக்குப் போட்டுப் பாருங்க, நான் மூணு தடவை போட்டேன்.) அதனாலதான் நீண்ட கடல் கேபிள்ல பல பத்து கிலோமீட்டருக்கு ஒரு எர்பியம் ஆம்ப்ளிஃபயர் வைப்பாங்க. அது ஒளியோட பலத்தைத் திருப்பித் தரும். பரவிப் போன வடிவத்தைத் திருப்பித் தராது. இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க.

இன்னும் அதிக டேட்டா வேணும்னா, வெளிச்சம்-இருட்டு மட்டும் போதாது. அலையோட ஃபேஸை நாலு நிலையில வச்சா, ஒரு சிம்பலுக்கு 2 பிட். இதுதான் க்யூ.பி.எஸ்.கே. ஒண்ணுக்கொண்ணு செங்குத்தான ரெண்டு போலரைசேஷன்லயும் அனுப்பினா 4 பிட். நொடிக்கு 25 பில்லியன் சிம்பல் அனுப்பினா 100 கிகாபிட் ஆச்சு.

போட்டோடையோடுக்கு ஃபேஸ் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். அதனால ரிசீவர்ல இன்னொரு லேசரை வச்சு, வர்ற ஒளியோட கலந்து ஃபேஸைக் கண்டுபிடிப்பாங்க. அப்புறம் பரவிப் போன பிட்டுகளை ஒரு டிஜிட்டல் ஃபில்டர் மறுபடி ஒழுங்கா பிரிச்சுத் தரும். ஆமா, "இதெல்லாம் எங்கே யூஸ் ஆகும்?"னு புலம்பிக்கிட்டே படிச்சோமே டி.எஸ்.பி., அதேதான்!

இப்போ கேட்டா

இன்னைக்கு அவர் அதே கேள்வியைக் கேட்டா இப்படிச் சொல்வேன்: "கிட்டத்துல, குறைஞ்ச வேகம்னா கரன்ட்டை மாத்தினா போதும் சார். தூரமும் வேகமும் கூடினா சிர்ப்பும் டிஸ்பெர்ஷனும் சேர்ந்து கெடுக்கும், அதனால லேசரைச் சீரா எரியவிட்டு வெளியே மாடுலேட் பண்ணணும். கடல் தாண்டணும்னா ஃபேஸ், போலரைசேஷன் ரெண்டையும் பயன்படுத்தணும்."

லேப்ல ஒரு எச்சரிக்கை: இந்த ஒளி கண்ணுக்கே தெரியாது. "எரியுதா பார்ப்போம்"னு ஃபைபர் முனைக்குள்ள எட்டிப் பார்க்காதீங்க. மீட்டர் எதுக்கு இருக்கு?

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம்: வழக்கமான ஃபைபர்ல 1310 நானோமீட்டர்கிட்ட டிஸ்பெர்ஷன் கிட்டத்தட்ட பூஜ்யம். அப்புறம் ஏன் கடல் கேபிளுக்கு 1550? விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கு. தேடிப் பாருங்க!