பெட்டியை இறக்கும் முன்: டிரான்ஸ்ஃபர் கேஸைச் செய்வதா, மாற்றுவதா?

ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் ஞாபகம் வருவதே அது தொந்தரவு கொடுக்கும்போதுதான். லோ போட்டால் தெறித்து நியூட்ரலுக்கு வருகிறது. ஃபோர் வீல் போட்டு ஏற்றம் ஏறினால் அடியில் யாரோ சுத்தியலால் அடிப்பதுபோல் கேட்கிறது. காலையில் வண்டி நின்ற இடத்தில் ஆயில் திட்டு. ஒர்க் ஷாப்பில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான்: “இறக்கிப் பாத்துடலாம் சார்”, இல்லாவிட்டால் “பழைய பெட்டி ஒண்ணு இருக்கு, மாத்திடலாம்.”

இரண்டில் எதுவும் சரியாக இருக்கலாம். ஆனால் பெட்டி தரைக்கு இறங்கியதும் கூலி ஓட ஆரம்பித்துவிடும், வண்டி நகராது, அதன்பின் எடுக்கும் முடிவு நெருக்கடியில் எடுக்கும் முடிவாகிவிடும். இறக்கும் முன்பே, வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தும் ஆயிலை வடித்துப் பார்த்தும் எந்த வழி என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடலாம்.

உங்கள் வண்டியில் எந்த வகை?

கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும், லோவில் வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்குவதும் இந்தப் பெட்டியின் வேலை. மகிந்திரா தாரில் அந்தப் பெருக்கம் 2.48 மடங்கு.

வில்லிஸ் வழி வந்த பழைய மகிந்திரா ஜீப்களில் பெட்டி கியர்பாக்ஸின் முதுகோடு ஒட்டியிருக்கும். உள்ளே எல்லாம் பற்சக்கரம். நடுவிலுள்ள இன்டர்மீடியட் ஷாஃப்டும் அதன் ஊசி பேரிங்குகளும்தான் அதில் முதலில் தேயும். மாருதி ஜிப்ஸியிலும் பற்சக்கரம்தான். ஆனால் பெட்டி தனியாக, மூன்று ரப்பர் மவுன்ட்டுகளில் சேஸிஸோடு மாட்டியிருக்கும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே ஒரு குட்டை ஷாஃப்ட். தார் போன்ற பிற்கால வண்டிகளில் முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோவது அகலமான ஒரு செயின். லோவுக்கு பிளானெட்டரி கியர். இசுசு வி-கிராஸ் போன்ற பிக்கப்புகளில் லீவரே இல்லை. உள்ளே குமிழைத் திருப்பினால் பெட்டியிலிருக்கும் மோட்டார் கியரைத் தள்ளும்.

வகை தெரியாமல் சத்தத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. செயின் பெட்டியில் 2 ஹை ஓடும்போது சுழற்சி நேராகப் பின் அச்சுக்குப் போகிறது. செயினுக்கும் பிளானெட்டரிக்கும் சுமை இல்லை. பிளானெட்டரி லோவுக்கு மட்டுமே உழைப்பதால், 4 ஹையில் இல்லாத சத்தம் லோவில் மட்டும் வந்தால் பிளானெட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். 2 ஹையில் அமைதியாக இருந்து, ஃபோர் வீலில் சுமையோடு ஏறும்போது ‘டக் டக்’ என்று அடித்தால், நீண்டுபோன செயின் பல் தாவுகிறது. எல்லா நிலையிலும் முனகினால் உள்ளே வரும் ஷாஃப்ட் அல்லது பின்னால் வெளியேறும் ஷாஃப்டின் பேரிங். இந்தக் கணக்கு ஜிப்ஸிக்குச் செல்லாது. எம்.ஜி. 413 ஜிப்ஸியில் ஹையிலும் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாகவே, 1.409 விகிதத்தில் குறைந்து போகிறது. கொஞ்சம் இரைச்சல் அதன் பிறவிக் குணம்.

கோளாறு பெட்டியில்தானா?

பெட்டியின் தலையில் விழும் பழிகளில் பல அதனுடையவை அல்ல.

காய்ந்த தார்ச்சாலையில் 4 ஹை போட்டு ஓட்டினால், நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாத இந்த வண்டிகள் வளைவில் இறுகிப் பிடிக்கும். பிறகு 2 ஹைக்குத் திரும்ப மறுக்கும். நேராகச் சில அடி ரிவர்ஸ் எடுத்தால் இறுக்கம் விடும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று ஓட்டினாலும் இதே இறுக்கம்தான். செயினையும் பேரிங்கையும் இது மெல்லத் தின்னும்.

வேகம் கூடக் கூட அதிர்வு கூடினால் முதலில் பார்க்க வேண்டியது புரொபெல்லர் ஷாஃப்டின் யூ.ஜே. கிராஸ். லோ தெறித்து வந்தால் லீவரின் புஷ், லிங்கேஜ், ரப்பர் மவுன்ட் மூன்றையும் பாருங்கள். கிழிந்த மவுன்ட்டில் பெட்டி ஆடும். ஆடினால் கியர் முழுதாக விழாது. குமிழ் வைத்த வண்டியில் ஃபோர் வீல் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தால் ஃபியூஸ், கனெக்டர், மோட்டார் என்ற வரிசையில் போங்கள். சேறு புகுந்த கனெக்டரைத் துடைத்தாலே பல வண்டிகள் சரியாகிவிடும்.

முன் சக்கரம் இழுக்கவில்லையா? சரளை மண்ணில் பின் சக்கரம் சுழன்று வண்டி நகராமல் நிற்கும்போது, பக்கவாட்டில் தள்ளி நின்று முன் புரொபெல்லர் ஷாஃப்டை ஒருவர் பார்க்கட்டும். அது சுற்றியும் சக்கரம் சுற்றாவிட்டால் குறை முன் அச்சின் பூட்டிலோ, ஹப்பிலோ, அதை இயக்கும் வேக்குவம் குழாயிலோ இருக்கிறது. ஷாஃப்டே சுற்றாவிட்டால் பெட்டியைப் பேசலாம். இந்தச் சோதனைக்காக இரண்டு சக்கரங்களை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஃபோர் வீல் போட்டுவிடாதீர்கள்; தரையில் இருக்கும் சக்கரங்கள் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி ஓட்டிவிடும்.

ஆயில் என்ன சொல்கிறது?

ஆயிலை வடிக்கும் முன் மேலேயுள்ள ஃபில்லர் பிளக்கைத் திறந்து பாருங்கள். கீழே வடித்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், ஆயில் இல்லாத பெட்டியோடு வண்டி அங்கேயே நிற்கும்.

வடியும் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் சீவல், உடைந்த பல் துண்டு, பேரிங் சில்லு கிடைத்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். கருகிய வாடை சூடேறியதைக் காட்டும். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது: ஓடையில் இறங்கும்போது சூடான பெட்டி சட்டென்று குளிரும், பெட்டி மூச்சு விடும் துளையான பிரீதர் அடைத்திருந்தால் உள்ளே இழுக்கும் காற்றோடு சீல் வழியாகத் தண்ணீரும் போகும். அதே அடைத்த பிரீதர், பெட்டி சூடேறும்போது ஆயிலை வெளியே தள்ளும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் கசியும்.

இன்னொரு குறிப்பு: கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால், இரண்டுக்கும் நடுவிலுள்ள சீல் போய்விட்டது. பழைய வில்லிஸ் வகை ஜீப்களில் ஹேண்ட்பிரேக் டிரம் பெட்டியின் பின்புறமே இருக்கும். அங்கே சீல் கசிந்தால் லைனிங் நனைந்துவிடும். “ஹேண்ட்பிரேக் பிடிக்கல” என்று வரும் ஜீப்பில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

கடைசியாக, சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு, பின் ஷாஃப்ட் சேரும் இடத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கைக்குத் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் பேரிங்கோ புஷ்ஷோ போயிருக்கிறது.

ஐந்து வழிகள்

ஒன்று, 2 ஹையில் மட்டும் ஓட்டித் தள்ளிப்போடுவது. செயின் பெட்டியில், செயின் சத்தம் மட்டும் இருந்து, ஆயில் அளவும் நிறமும் சரியாக இருந்தால் பணம் சேரும்வரை இது தாங்கும். பேரிங் முனகல், ஆயில் இறங்குதல், காந்தத்தில் சீவல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கூடாது. இறுகிய பெட்டி ஓடும்போதே சக்கரத்தைப் பூட்டிவிடும். பற்சக்கரப் பெட்டிக்கு இந்த வழியில் பெரிய பயன் இல்லை.

இரண்டு, வெளிவேலை: வெளிப்பக்க சீல், பிரீதர், மவுன்ட், லிங்கேஜ், மோட்டார். பெரும்பாலும் பெட்டியை இறக்காமலே முடியும், செலவும் குறைவு. ஆயில் சுத்தமாக இருந்தால் இங்கேயே நில்லுங்கள்.

மூன்று, இறக்கிப் பிரித்துச் செய்வது. பேரிங், சீல், செயின், ஷிஃப்ட் ஃபோர்க்கின் தேய்ந்த பேடு ஆகியவை போயிருந்து, பெட்டியின் வெளிக்கூடும் பெரிய கியர்களும் நன்றாக இருந்தால் இதுதான் லாபம். இறக்கி ஏற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான். ஆகவே திறந்த கையோடு எல்லா சீலையும் பேரிங்கையும் மாற்றிவிடுங்கள். கொக்கிபோல் தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். பேரிங் உட்காரும் குழி தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் புஷ் போடலாம். ஷாஃப்டின் நேர்கோடு பிசகாமல் கடைபவரிடம் மட்டும் கொடுங்கள். கூடு விரிசல் விட்டிருந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள்.

நான்கு, பழைய பெட்டி. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும். இன்புட் ஷாஃப்டின் ஸ்பிளைன் எண்ணிக்கை, லோ விகிதம், முன் ஷாஃப்ட் எந்தப் பக்கம், லீவரா மோட்டாரா, ஸ்பீடோமீட்டர் இணைப்பு, ஃபிளாஞ்சின் போல்ட் அமைப்பு ஆகிய ஆறும் பொருந்த வேண்டும். உங்கள் பெட்டியின் தகட்டு எண்ணைப் படமெடுத்துக் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கியரிலும் கையால் சுற்றிப் பாருங்கள். உள்ளே மிஞ்சிய ஆயிலை ஒரு துணியில் ஊற்றிப் பாருங்கள். கழுவித் துடைத்துக் காய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். வெல்டிங் தடம் இருந்தால் வேண்டாம். கடைக்காரர் தரும் உத்தரவாதம் பெட்டிக்குத்தான். மறுபடி இறக்கும் கூலி உங்கள் தலையில். அதனால் மாட்டும் முன் சீலும் ஆயிலும் புதிதாகப் போடுங்கள்.

ஐந்து, புதுப் பெட்டி. விலை மற்ற எல்லாவற்றையும் விட அதிகம்; வாரன்டியும் மனநிம்மதியும் கிடைக்கும். கூடு உடைந்து, பிளானெட்டரியும் போய், வண்டியை இன்னும் பல வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும்.

யாருக்கு எது?

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆள் ஏற்றும் ஜீப் போல தினமும் லோவில் உழைக்கும் வண்டிக்கு ஒவ்வொரு நாள் நிறுத்தமும் வருமான இழப்பு. அவர்கள் நல்ல பழைய பெட்டியை மாட்டி வண்டியை ஓடவிட்டு, கழற்றியதை நிதானமாகச் செய்து ஸ்பேராக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். எஸ்டேட் பிக்கப்புக்கும் வார இறுதி வண்டிக்கும் மூன்றாம் வழியே பொருத்தம். அவசரம் இல்லை, நல்ல பாகத்துக்குக் காத்திருக்கலாம். பழைய ஜீப்புக்கும் ஜிப்ஸிக்கும் பிரித்துச் செய்யத் தெரிந்த கைகள் இன்னும் உண்டு. அவற்றுக்குப் பழைய பெட்டி வாங்கினால், அதே அளவு தேய்ந்த இன்னொன்றுதான் கையில் வரலாம். குமிழ் வண்டிக்கு, மின்சாரப் பக்கத்தை முழுதாகச் சோதிக்காமல் மூன்று, நான்கு, ஐந்து எதையும் தொடாதீர்கள்.

மாட்டிய பிறகு

ஆயில் வகையை வண்டியின் கையேட்டில் பாருங்கள். செயின் பெட்டிகள் பெரும்பாலும் சிவப்பு நிற ஏ.டி.எஃப். கேட்கும், பற்சக்கரப் பெட்டிகள் கியர் ஆயில் கேட்கும். மாற்றி ஊற்றினால் செய்த வேலை வீண். முதல் 500 கிலோமீட்டரில் அளவையும் கசிவையும் மறுபடி பாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே காற்றில் இருக்கட்டும். கழற்றிய பேரிங், செயின், சீல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கேட்டு வாங்கி, பில்லில் எழுதியதோடு ஒத்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.