பேர் சொல்லாமலே பேர் வாங்கலாம்

தங்கச்சி, ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பில் இறங்கியதும் எல்லாரும் முதலில் செய்வது லிங்க்ட்இனில் ஒரு ப்ரொஃபைல், மொழிபெயர்ப்பாளர்களுக்கான தளமான ப்ரோஸில் இன்னொரு ப்ரொஃபைல் திறப்பதுதான். ‘அனுபவம்’ என்ற கட்டம் வந்ததும் கை தானாகப் பெரிய கம்பெனிப் பெயர்களைத் தட்ட ஆரம்பிக்கும். மருந்து கம்பெனி, வங்கி, கார் கம்பெனி. நிஜமாகவே செய்த வேலைதானே, பொய்யா சொல்கிறோம் என்று தோன்றும். பொய் இல்லைதான். ஆனால் அதைச் சொல்லும் உரிமை நம் கையில் இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் ஒரு பெயர்கூடப் போடாதே.

முதலில் நீ எதற்குச் சம்மதித்திருக்கிறாய் என்று தேடு. கையெழுத்தே போடவில்லையே என்பாய். ஏஜென்சியின் வெண்டர் போர்ட்டலில் கணக்குத் திறந்தபோது ஒரு பெட்டியில் டிக் அடித்தாயே, பல ஏஜென்சிகளின் என்டிஏ, அதாவது ரகசியம் காக்கும் ஒப்பந்தம், அங்கேதான் இருக்கும். பர்ச்சேஸ் ஆர்டரின் அடியில் சின்ன எழுத்திலும் இருக்கும். கிளையன்ட் யார் என்பதே ரகசியமா, பெயரையும் லோகோவையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தத் தடை உண்டா, வேலை முடிந்த பிறகும் எத்தனை வருஷத்துக்கு அது செல்லும் என்று பார். சிலவற்றில் இரண்டு, ஐந்து வருஷம் என்று இருக்கும். காலவரை இல்லாததும் உண்டு. வாக்கை மீறினால் நஷ்டஈடு கேட்க 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இடம் தருகிறது. வெளிநாட்டு ஏஜென்சி என்றால் வழக்கு எந்த ஊர் நீதிமன்றத்தில் என்ற வரியையும் படித்து வை.

என்டிஏ இல்லாத வேலை என்றால் தாராளமாகச் சொல்லலாமா? கூடாது. அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கமான ஏடிஏ, பிரிட்டனின் மொழிபெயர்ப்பாளர் அமைப்பான ஐடிஐ, மாநாட்டு மொழிபெயர்ப்பாளர்களின் உலகச் சங்கமான ஏஐஐசி, மூன்றின் நெறிமுறைகளிலும் ரகசியம் காப்பது கடமையாகவே இருக்கிறது. 2018 ஜூலையில் ஹெல்சின்கியில் டிரம்பும் புதினும் தனியாகப் பேசினார்கள். உடனிருந்த அமெரிக்க மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து, உள்ளே என்ன பேசினார்கள் என்று கேட்க வேண்டும் என அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலர் குரல் கொடுத்தார்கள். மொழிபெயர்ப்பாளரைச் சாட்சியாக்கக் கூடாது என்று ஏஐஐசி எதிர்த்து நின்றது. கேட்டவர்கள் மக்கள் பிரதிநிதிகள் என்றபோதே நிலைமை அதுதான். ஒரு போஸ்டுக்கு வரும் லைக்குக்காக நாம் எப்படி வாயைத் திறப்பது?

நம் வேலையில் கிளையன்ட் யார் என்பதே பல பேருக்குக் குழப்பம். மருந்து கம்பெனி லண்டன் ஏஜென்சிக்குக் கொடுக்கிறது, அது பெங்களூரு ஏஜென்சிக்குத் தருகிறது, அங்கிருந்து உனக்கு வருகிறது. உனக்குப் பணம் போடுபவர்தான் உன் கிளையன்ட். மருந்து கம்பெனிக்கு நீ இருப்பதே தெரியாது. அதன் பெயரை நீ போட்டால், நடுவில் இருக்கும் இரண்டு பேரின் வியாபார ரகசியத்தையும் சேர்த்துப் போடுகிறாய். ‘வெப்சைட்தான் ஊருக்கே தெரியுமே, அதன் தமிழ்ப் பக்கத்தை நான்தான் செய்தேன் என்றால் என்ன’ என்று கேட்பார்கள். பக்கம் ஊருக்குத் தெரியும். யார் செய்தது என்பது தெரியாது. கேட்டுவிட்டுப் போடு.

சரி, எப்படி எழுதுவது? ‘இன்ன கம்பெனியின் இன்ன புற்றுநோய் மருந்து, மூன்றாம் கட்ட ஆய்வு, ஒப்புதல் படிவம், 2023 மார்ச்’ என்று எழுதாதே. இப்படி எழுது: ‘மருத்துவ ஆய்வுகள்: நோயாளி ஒப்புதல் படிவம், கேள்வித்தாள், பேக் டிரான்ஸ்லேஷன் சரிபார்ப்பு. ஆங்கிலம்–தமிழ். புற்றுநோய், நீரிழிவு, தோல் நோய். 2021 முதல். டிரேடோஸ், மெமோக்யூ.’ ஆள் தேடும் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு வேண்டியது இந்த இரண்டாவது வரிதான். துறை, மொழி, எந்த வகை ஃபைல், எத்தனை வருஷம், என்ன டூல் என்றுதான் அவர் பார்ப்பார். ஒன்று கவனம். ‘உலகத்தின் நம்பர் ஒன் சர்ச் இஞ்சின்’ என்று எழுதுவது பெயரையே எழுதுவதுதான். ‘தொழில்நுட்ப நிறுவனம்’ போதும்.

பெயரை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் நினைக்காதே. எல்லாவற்றிலும் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். கனடாவில் அகதி அந்தஸ்து கேட்கும் ஈழத்தமிழர்களின் வாக்குமூலங்கள், காவல் நிலையக் காகிதங்கள், மருத்துவச் சான்றுகள் எல்லாம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் கையால்தான் ஆங்கிலமாகின்றன. அங்கே அகதி விசாரணைகளைப் பொதுமக்களை விடாமல் மூடிய கதவுக்குள்தான் நடத்துகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கோப்பை முடித்த ராத்திரி மனசு கனத்துப் போய் யாராவது இப்படி எழுதலாம்: ‘இன்று வன்னியிலிருந்து வந்த ஓர் இளம் ஆசிரியையின் சாட்சியத்தை மொழிபெயர்த்தேன். அவர் தம்பிக்கு நடந்ததைப் படித்துக் கை நடுங்கியது.’ பெயர் இல்லை, ஊர் இல்லை. நல்ல மனசோடு எழுதியதுதான். ஆனால் வன்னி, இளம் வயது, ஆசிரியை, தம்பி, இப்போதுதான் வந்திருக்கிறார் என்ற ஐந்தையும் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் ஒருவர் படித்தால் இன்னார் என்று கண்டுபிடிக்க ஒரு போன்கால் போதும். நம் சமூகம் அவ்வளவு நெருக்கமானது. அந்தப் பெண்ணின் அம்மா இன்னும் ஊரில் இருக்கலாம். அந்தப் பெண் உன்னோடு எந்த ஒப்பந்தமும் போடவில்லை, உன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. என்டிஏ எந்த தேதியில் முடிந்தாலும் இவருக்கு நீ தர வேண்டிய காவல் முடியாது. இந்த மாதிரி வேலைக்கு ப்ரொஃபைலில் ‘குடியேற்ற, சட்ட ஆவணங்கள்’ என்ற மூன்று சொல் போதும், அதற்கு மேல் ஒரு எழுத்து வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், விவாகரத்துத் தீர்ப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றுக்கும் இதேதான். ஊர், வயசு, தொழில், நோய், மாசம் என்று எதுவும் ஒன்றோடொன்று சேரக் கூடாது.

அடுத்து படங்கள். ‘இன்றைய என் மேஜை’ என்று காபி டம்ளரோடு லேப்டாப்பைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். திரையில் டிரேடோஸ் திறந்திருக்கும். மேலே டைட்டில் பாரில் ப்ராஜெக்ட் பெயர், பக்கத்தில் டிரான்ஸ்லேஷன் மெமரியின் பெயர், பல நேரம் அதிலேயே கிளையன்ட் பெயர். மருத்துவ ஆய்வு ஃபைல் என்றால் ஃபுட்டரில் ஒவ்வொரு பக்கத்திலும் புரோட்டோகால் எண் இருக்கும். அந்த எண்ணை இணையத்தில் போட்டால் கம்பெனி, மருந்து, நோய் மூன்றும் வந்துவிடலாம். படம் எடுக்க ஆசையா, திரையை அணைத்துவிட்டு எடு.

பழைய ஃபைலில் பெயர்களை மறைத்து சாம்பிளாகக் கொடுப்பதும் ஆபத்துதான். 2019 ஜனவரியில், டிரம்பின் முன்னாள் பிரசாரத் தலைவர் பால் மானஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிடிஎஃபில் சில வரிகளைக் கறுப்புப் பட்டை போட்டு மறைத்திருந்தார்கள். நிருபர்கள் அந்தப் பட்டையைக் காப்பி செய்து வேறிடத்தில் பேஸ்ட் செய்தே உள்ளே இருந்ததைப் படித்துவிட்டார்கள். அத்தனை பெரிய வழக்கறிஞர்களுக்கே அந்தக் கதி. வேர்டில் க்ராப் செய்த படத்தின் வெட்டிய பகுதி ஃபைலுக்குள்ளேயே தங்கியிருக்கும். டிராக் சேஞ்சஸில் ரிவ்யூவர் பெயர் இருக்கும்.

அதனால் கிளையன்ட் ஃபைலைத் தொடவே தொடாதே, சாம்பிளைப் புதிதாகச் செய். புதுமைப்பித்தன் 1948-ல் இறந்தார். இந்தியாவில் காப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகு 60 வருஷம்தான். அவருடைய கதையில் ஒரு பக்கத்தை ஆங்கிலமாக்கி உன் பெயரோடு போடலாம், யாரும் கேட்க முடியாது. இன்றைய செய்தித்தாள் கட்டுரைக்கு அது பொருந்தாது, மொழிபெயர்க்கும் உரிமையும் உரிமையாளருடையதுதான். மருத்துவமா, சட்டமா, நீயே 200 சொல்லில் ஒரு போலி ஒப்புதல் படிவமோ வாடகை ஒப்பந்தமோ எழுதி, ‘மாதிரிக்காக எழுதியது’ என்று மேலே குறிப்பிட்டு மொழிபெயர். டெட் உரைகளுக்குத் தன்னார்வமாக சப்டைட்டில் செய்தால் மொழிபெயர்த்தவர் பெயரை அவர்களே வெளியிடுகிறார்கள். ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு அது நல்ல வாசல்.

புது ஏஜென்சி ‘பழைய வேலை ஏதாவது அனுப்புங்கள்’ என்று கேட்டால் தயங்காதே. ‘அது கிளையன்ட்டுடையது, அனுப்ப முடியாது. டெஸ்ட் கொடுங்கள், செய்து தருகிறேன்’ என்று எழுது. உருப்படியான ஏஜென்சிக்கு அந்தப் பதில் பிடிக்கும். கோபப்படுகிற ஏஜென்சி உன் ஃபைலையும் நாளைக்கு இப்படித்தான் வேறு யாருக்கோ கொடுக்கும்.

அனுபவத்துக்குச் சான்று கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. 2015-ல் வந்த ஐஎஸ்ஓ 17100 தரப்படி மொழிபெயர்ப்பில் பட்டம் வேண்டும், அல்லது வேறு பட்டத்தோடு 2 வருஷ முழுநேர அனுபவம், அதுவும் இல்லையென்றால் 5 வருஷ முழுநேர அனுபவம். அந்தச் சான்றிதழ் வைத்திருக்கும் ஏஜென்சி இதற்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். நீ வேலை செய்யும் ஏஜென்சியிடம் ‘இன்ன வருஷம் முதல், இன்ன துறையில், ஏறக்குறைய இத்தனை சொற்கள்’ என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி வை. ஏஜென்சியின் கிளையன்ட் பெயர் அதில் வரவே வராது. அந்தக் கடிதத்தையும் ப்ரொஃபைலில் மாட்டாதே, கேட்பவருக்கு மட்டும் அனுப்பு.

பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால் அனுமதி கேள். வேலை நடுவில் கேட்காதே, இன்வாய்ஸ் பணம் வந்த பிறகு கேள். ஏஜென்சி வழியாக வந்த வேலை என்றால் ஏஜென்சியிடம் மட்டும் கேள். மெயிலை நீட்டாதே: ‘வணக்கம். என் லிங்க்ட்இன் பக்கத்தில் கீழே உள்ள வரியைச் சேர்க்க விரும்புகிறேன். இப்படியே போடலாமா? மாற்ற வேண்டும் என்றால் சொல்லுங்கள்.’ அதன் கீழே நீ போடப்போகும் வரியை எழுத்து மாறாமல் வை. போனில் ‘போட்டுக்கோம்மா’ என்றால் போதாது, மெயிலில் வாங்கு. பதிலே வரவில்லையா, இல்லை என்றே வைத்துக்கொள்.

அனுமதி இருந்தாலும் நேரம் பார்க்க வேண்டும். டான் பிரவுனின் ‘இன்ஃபெர்னோ’ நாவலுக்காக 2013-ல் 11 மொழிபெயர்ப்பாளர்களை மிலானில் ஒரு நிலவறையில் போன் இல்லாமல் உட்காரவைத்து வேலை வாங்கினார்கள். ஒரு வரிகூட முன்னால் வெளியே போகக் கூடாது என்ற பயம். ஓடிடி தொடருக்கு சப்டைட்டில் செய்தால் ரிலீஸ் ஆகி, கிரெடிட்டில் உன் பெயர் வந்த பிறகு பேசு. பங்குச்சந்தைக் கம்பெனியின் காலாண்டு முடிவோ இணைப்பு அறிவிப்போ கையில் இருந்தால் ‘பெரிய செய்தி வருது’ என்று ஜாடைகூடக் காட்டாதே. வெளிவராத, விலையைப் பாதிக்கும் தகவல் கையில் இருப்பவர் எல்லாருமே செபியின் 2015 விதிகளில் ‘இன்சைடர்’தான்.

ஏற்கெனவே ஏதாவது போட்டிருந்தால் இன்றைக்கே உட்கார். லிங்க்ட்இனின் ஃபீச்சர்டு பகுதி, பழைய இன்ஸ்டா ஸ்டோரி ஹைலைட், ட்ரைவில் ‘லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்’ என்று விட்ட சாம்பிள் ஃபோல்டர், ஃபேஸ்புக் குழுவில் சந்தேகம் கேட்டு முழு வாக்கியத்தையும் ஒட்டிய போஸ்ட், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எடு. கிளையன்ட் பெயரோ தனிமனிதர் விவரமோ வெளியே போயிருந்தால், எடுத்த கையோடு ஏஜென்சிக்கு மெயில் போடு: என்ன இருந்தது, எத்தனை நாள் இருந்தது, எப்போது எடுத்தாய். அவர்கள் வேறு யார் மூலமோ கேள்விப்படுவதற்கு முன் உன் மெயில் போய்ச் சேர வேண்டும்.